நெருக்கடிக் காலத்தில் குடும்ப வரவுசெலவு: ஒரு பாடம்

நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் பெரும்பாலானவை இரண்டு தொழில்களில் ஒன்றை நம்பி வாழ்கின்றன. ஒன்று தறி, மற்றொன்று நிலம். இவ்விரண்டுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. வயிறு நாள்தோறும் கேட்கிறது. தொழிலோ நாள்தோறும் கொடுப்பதில்லை. இந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் நிமிர்வதும் சாய்வதும் அமைகின்றன. சேமிப்பைக் கொண்டு நிரப்பும் குடும்பம் நிலைக்கிறது. கடனைக் கொண்டு நிரப்பும் குடும்பம் சில ஆண்டுகளில் தறியையோ நிலத்தையோ கைவிட நேர்கிறது.

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு அடுப்பங்கரைதான் நினைவுக்கு வருகிறது. காய்கறியைக் குறை, பாலைக் குறை, எண்ணெயைக் குறை என்று தொடங்கிவிடுகிறோம். இப்பாடத்தில் நாம் நிறுவ முயல்வது வேறு. குடும்பத்தில் முதலிற் குறைக்க வேண்டியது வட்டி. அடுத்துக் குறைக்க வேண்டியது கடைப்பற்று. அதற்கடுத்து, கணக்கில் ஏறாமலே கையைவிட்டுப் போகும் சில்லறைச் செலவு. உணவில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் எண்ண வேண்டியது. இந்த வரிசை மாறும் வீட்டில் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் பலன் இராது. அது ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம்.

1. வரவின் இயல்பு

மாதச் சம்பளம் பெறுவோருக்கு எழுதப்பட்ட வரவுசெலவுத் திட்டங்கள் நமக்கு அப்படியே பொருந்தா. அவர்களுக்கு முதல் தேதி ஒன்று உண்டு. நெசவாளருக்கோ, நெய்த துணியைச் சங்கத்தில் சேர்த்துக் கூலி பெறும் நாளே முதல் தேதி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது. குழித்தறியில் ஈரம் ஏறுகிறது. சில ஊர்களில் குழிக்குள் நீரே ஊறி நிற்கிறது. பட்டு நெய்வோருக்கு முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் விற்பனை தளர்கிறது. விற்பனை தளர்ந்தால் பாவு கிடைப்பதும் தாமதமாகிறது.

உழவர் நிலை இதற்கு நேர்மாறானது. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடிகிறது. ஆண்டின் பெரும்பணம் அந்தச் சில வாரங்களில் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதன்பின் பல மாதங்களுக்குச் செலவு மட்டுமே உண்டு.

ஆகவே நெசவாளர் நழுவும் இடம் ஒன்று. உழவர் நழுவும் இடம் வேறொன்று. நல்ல மாதத்துக் கூலியே எல்லா மாதங்களிலும் வரும் என்று எண்ணிச் செலவை அமைத்துக்கொள்வதில் நெசவாளர் நழுவுகிறார். அறுவடைப் பணம் முழுவதும் தம்முடையது என்று எண்ணுவதில் உழவர் நழுவுகிறார். இருவருக்கும் மருந்து ஒன்றே. வரவை ஆண்டுக் கணக்கில் கூட்டுக. செலவை மாதக் கணக்கில் பிரிக்க. மழைக்காலத்தில் நிரம்பும் ஏரியை மாசி வரையில் முறை வைத்து மடை திறந்து பாய்ச்சும் ஊரார்க்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தையே வைத்துள்ளார்.

2. ஒரு நெசவாளர் குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டுக்காக ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கணவனும் மனைவியும் நெய்கின்றனர். முதிய தாயார் தார் சுற்றி உதவுகிறார். பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்கின்றனர். ஒன்பது மாதங்களில் மாதம் 13,000 ரூபாயும், மந்தமான மூன்று மாதங்களில் மாதம் 5,000 ரூபாயும் கூலியாக வருகின்றன. தீபாவளிக்கு 6,000 ரூபாய் போனஸ் கிடைக்கிறது.

ஒன்பது மாத வரவு 1,17,000, மூன்று மாத வரவு 15,000, போனஸ் 6,000. ஆக, ஆண்டு வரவு 1,38,000 ரூபாய். இதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 11,500 ரூபாய் ஆகிறது. இந்தக் குடும்பத்தின் உண்மையான மாத வருமானம் 11,500 ரூபாயேயன்றி 13,000 ரூபாய் ஆகாது. இந்த ஓர் எண்ணை வீட்டில் அனைவரும் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இக்குடும்பம் மாதம் 13,000 ரூபாய் செலவிட்டு வாழ்ந்தால் என்ன நேரும்? மந்தமான மூன்று மாதங்களில் மாதத்துக்கு 8,000 வீதம் 24,000 ரூபாய் குறையும். போனஸ் 6,000 போக 18,000 ரூபாய் கடன் வாங்க நேரும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் மாத வட்டி 540 ரூபாய். ஆண்டு வட்டி 6,480 ரூபாய். அடுத்த தீபாவளிக்கு வரும் போனஸ் முழுவதும் வட்டிக்கே போதாது. முதல் அப்படியே நிற்கும். அதன்மேல் அவ்வாண்டின் புதிய கடனும் ஏறும்.

அதே குடும்பம் மாதம் 11,500 ரூபாய்க்குள் வாழ்ந்தால் என்ன ஆகும்? நல்ல மாதங்கள் ஒன்பதிலும் மாதம் 1,500 வீதம் எடுத்துவைத்தால் 13,500 ரூபாய் சேரும். போனஸ் 6,000 சேர்ந்து 19,500 ரூபாய் ஆகும். மந்தமான மூன்று மாதங்களிலும் மாதம் 6,500 வீதம் எடுத்துக்கொண்டால் 19,500 ரூபாயில் கணக்கு நேராகிறது. கடன் இல்லை, வட்டி இல்லை. இரு வழிகளிலும் உழைப்பு ஒன்றே, கூலியும் ஒன்றே. மாதம் 1,500 ரூபாய்தான் இரண்டுக்கும் இடையே நிற்கும் வேறுபாடு.

"ஏற்கெனவே கடனில் இருக்கிறோமே, எங்ஙனம் எடுத்துவைப்பது?" என்று உறுப்பினர் பலர் கேட்பர். நியாயமான வினாவே. இதற்கு விடையைக் கடன் பற்றிய பகுதியிற் காண்போம்.

3. உழவர் குடும்பத்தின் கணக்கு

இரண்டு ஏக்கரில் சம்பா பயிரிடும் ஒரு குடும்பம் 40 குவிண்டால் நெல்லை விற்றது என்று கொள்வோம். சாதாரண ரக நெல்லுக்கு 2024-25ஆம் ஆண்டில் நடுவணரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அவ்விலையில் 92,000 ரூபாய் கைக்கு வரும். அன்று வீட்டில் பணம் மிகுந்து தோன்றும். ஆயினும் பயிர்க்கடனுக்கும் அடுத்த சாகுபடியின் விதை, உழவு, உரம், நடவுக் கூலிக்குமாக 50,000 ரூபாய் தேவை என்றால், குடும்பத்துக்கு நிற்பது 42,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,500 ரூபாய். கறவை மாடும் கூலி வேலையும் தரும் வருவாயோடு இந்த 3,500 ரூபாயைச் சேர்த்துத்தான் மாதத்தை நடத்த வேண்டும்.

எனவே பணம் வந்த அன்றே அதனை மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். முதற்பங்கு கடன் தவணைக்கு. இரண்டாம் பங்கு அடுத்த சாகுபடிக்கு. விதைநெல்லை உண்ணலாகாது என்று நம் முன்னோர் கொண்டிருந்த கட்டுப்பாடு பணத்துக்கும் உரியது. மூன்றாம் பங்கு குடும்பத்துக்கு. அதனையும் கையில் வைத்திராமல் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் இட்டு, மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதே நன்று. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் குடும்பங்களுக்கு இடையிடையே வரும் பால் பணம் இந்த இடைவெளியைத் தாங்கும் ஊன்றுகோல். அதனை மளிகைக்கென்றே ஒதுக்கிவிட்டால் கடைப்பற்று எழாது.

4. முதற்படி: முப்பது நாள் சிட்டை

எதையும் குறைக்கத் தொடங்குமுன், போகும் வழியை அறிய வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முப்பது நாள்களுக்கு, நாளொன்றுக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ரொக்கமாகக் கொடுத்ததையும் கடனாக வாங்கியதையும் தனித்தனியே எழுதுக. எழுதுகிறவர் வீட்டில் படிக்கும் பிள்ளையாக இருப்பது மிகவும் நன்று. கணக்கும் ஒழுங்காகும், வீட்டின் நிலையைப் பிள்ளையும் அறியும்.

இந்த முப்பது நாள்களில் எதையும் குறைக்க முயல வேண்டா. உள்ளதை உள்ளவாறு எழுதுவதே நோக்கம். பெரிய செலவுகள் எவருக்கும் நினைவில் நிற்கின்றன. எட்டு ரூபாயும் பன்னிரண்டு ரூபாயுமாகப் போனவைதாம் நினைவில் நிற்பதில்லை. கடைத் தேநீர் ஒரு குவளை 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு குவளை குடிக்கும் ஒருவருக்கு ஆண்டில் ஏறக்குறைய 8,700 ரூபாய் ஆகிறது. இது மேற்கூறிய நெசவாளர் குடும்பத்தின் போனஸினும் மிகுதி. தேநீரை விடுக என்பது நம் கருத்தன்று. தறியைவிட்டு எழுந்து ஒரு குவளை அருந்துவது உழைப்பாளிக்கு இளைப்பாறுதல். அதனை வீட்டிற் காய்ச்சினால் செலவிற் பாதிக்கு மேல் மிஞ்சும் என்பதே கருத்து.

இது நம் ஊரின் நிலை மட்டுமன்று. நடுவணரசின் புள்ளியியல் அலுவலகம் 2022-23ஆம் ஆண்டில் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நாட்டுப்புறக் குடும்பங்களின் செலவில் உணவுக்குச் சென்ற பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 46. அதனுள் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குச் சென்றது 5-க்குச் சற்றுக் குறைவு. பானங்கள், சிற்றுண்டி, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றுக்குச் சென்றதோ 9-க்கு மேல். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும், அரிசிக்குச் செலவிடுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கைக் கடைப் பண்டங்களுக்குச் செலவிடுகிறோம் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

5. மாதத் திட்டம்

சிட்டை எழுதி முடித்தபின் திட்டம் அமைக்கலாம். மேற்கூறிய குடும்பத்தின் 11,500 ரூபாயை இவ்வாறு பிரிக்கலாம்:

உணவு: 5,200 ரூபாய்
அடுப்பு எரிவாயு, விளக்கு, மின்சாரம்: 900 ரூபாய்
பள்ளிச் செலவு: 800 ரூபாய்
மருந்து: 600 ரூபாய்
துணி, வீட்டுப் பழுது: 900 ரூபாய்
தறிச் செலவு (அச்சு, விழுது, நாடா முதலியன): 300 ரூபாய்
பயணம், கைப்பேசி: 800 ரூபாய்
சடங்கு, மொய், திருவிழா: 700 ரூபாய்
பழைய கடன், கடன் தீர்ந்தபின் சேமிப்பு: 1,300 ரூபாய்

இத்தொகைகள் எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்துவன அல்ல. வாடகை வீட்டில் இருப்போர் வாடகையைச் சேர்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ மருந்துண்பவர் இருந்தால் மருந்துத் தொகை மாறும்; அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அம்மருந்துகளை விலையின்றிப் பெறலாம் என்பதை மறவாதிருக்க வேண்டும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் வரை இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் பெறாதோர் இருப்பின் சங்கத்தின் வழியாக விண்ணப்பித்தல் வேண்டும். உரியதைப் பெறாமல் விடுவதும் ஒருவகை வீண் செலவே.

கவனிக்கத் தக்கது ஒன்று. சடங்குக்கும் மொய்க்கும் தனித் தொகை ஒதுக்கியுள்ளோம். திட்டம் போடுவோர் பலர் இவற்றை விட்டுவிடுகின்றனர். பின்னர் ஒரு காதணி விழாவோ ஒரு சாவோ நேரும்போது திட்டம் முழுவதும் கவிழ்கிறது. ஊரோடு வாழ்பவர்க்கு இச்செலவுகள் தவிர்க்க முடியாதவை. மொய் என்பது நம்மவர் வகுத்த கைமாற்று முறையேயாகும். பேராவூரணி வட்டாரத்திலும் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய்விருந்துகள் இதற்குச் சான்று. வட்டியின்றி ஒருவருக்குப் பெருந்தொகை சேர்கிறது. ஆயினும் வாங்கிய மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனை வரவுப் பக்கத்தில் மட்டும் எழுதி மகிழ்பவர் பின்னர் வருந்துவர். எதிர்ப்பக்கத்தில் கடனாகவும் எழுதிவைப்பதே முறை.

6. கடனின் விலை

இனி, இப்பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு பொருளுக்கு விலை கேட்காமல் எவரும் வாங்குவதில்லை. கடனை மட்டும் விலை கேட்காமல் வாங்குகிறோம். கடனின் விலை வட்டி. அது பல வேடங்களில் வரும்.

தண்டற்காரர் 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி, முன்வட்டியாக 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுக்கிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் திருப்ப வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரம், நூற்றுக்குப் பத்துத்தானே" என்று தோன்றும். உண்மை வேறு. நாள்தோறும் நாம் திருப்பிக்கொண்டே வருவதால், நூறு நாளுக்கும் சராசரியாக நம் கையில் இருக்கும் பணம் ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 80 ரூபாய் ஆகிறது. உழவிலோ நெசவிலோ இந்த அளவு இலாபம் எங்கேயும் இல்லை. ஆகவே, இக்கடனைத் தொழிலால் அடைக்க இயலாது. வயிற்றைக் கட்டித்தான் அடைக்க இயலும்.

கடைப்பற்றுக்கும் விலை உண்டு. பற்றுக்கு வாங்குபவர் விலை பேசுவதில்லை; தரம் பார்ப்பதில்லை; எடை கேட்பதில்லை; வேறு கடைக்கும் போக முடிவதில்லை. பற்றுப் புத்தகத்தில் வட்டி என்று ஒரு சொல்லும் இராது. அது பொருளின் விலைக்குள்ளும் எடைக்குள்ளும் மறைந்திருக்கும். கைப்பேசிச் செயலிகளின் வழியே நொடிப்பொழுதில் தரப்படும் கடனும் இத்தகையதே. அதில் கட்டணம் என்ற பெயரில் முன்னதாகவே ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வோர் உளர். தவணை தவறினால் உறவினர்க்கெல்லாம் செய்தி அனுப்பி மானத்தை வாங்குவோரும் உளர்.

கடனின் சுமை வட்டியோடு நில்லாது. விளைபொருளின் விலை வீழும்போது கடன் தானே வளர்கிறது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. பத்து மூட்டை நெல் விற்று அடைக்கத் தக்கதாயிருந்த கடனுக்கு இருபது மூட்டை தேவைப்பட்டது. புதிதாகக் கடன் வாங்காதவரும் கடனில் ஆழ்ந்தனர். மாகாணத்து உழவர் கடன் 150 கோடி ரூபாய் என்று வங்கித்தொழில் விசாரணைக் குழு 1930இல் மதிப்பிட்டது. 1935இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை 200 கோடி என்று மதிப்பிட்டது. நகைகளை விற்றும் நிலங்களை இழந்தும் மக்கள் பட்ட துன்பத்துக்குப் பின்னரே 1938ஆம் ஆண்டின் சென்னை உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. நமக்கு இதனால் விளங்குவது யாது? கடனை ரூபாயில் அளப்பதோடு நில்லாமல் மூட்டையிலும் முழத்திலும் அளந்து பார்க்க வேண்டும். இக்கடனை அடைக்க எத்தனை சேலை நெய்ய வேண்டும், எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவோமாயின், பாதிக் கடன்களை வாங்கமாட்டோம்.

ஏற்கெனவே கடனில் உள்ளோர் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வட்டியை ஆண்டுக் கணக்கில் குறிக்க வேண்டும். இரண்டாவதாக, வட்டி மிகுந்த கடனை வட்டி குறைந்த கடனால் மாற்ற வேண்டும். மேற்கூறிய 18,000 ரூபாயை நூற்றுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் வட்டியில் சங்கத்திலோ கூட்டுறவு வங்கியிலோ நகையின் பேரிற் பெற்று அடைத்தால், ஆண்டு வட்டி 6,480-லிருந்து 2,160 ரூபாயாகக் குறையும். வயிற்றைக் கட்டாமலே 4,320 ரூபாய் மிஞ்சும். மூன்றாவதாக, மிஞ்சிய தொகையை வேறெதற்கும் எடுக்காமல் முதலைக் குறைக்கவே செலுத்த வேண்டும். முதலாண்டில் மாதம் 1,500 எடுத்துவைக்க இயலாதவர் 750 எடுத்துவைக்கட்டும். அவ்வாண்டின் மந்தமான மாதங்களில் வாங்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும். அடுத்த ஆண்டில் வட்டியும் குறையும். கடன் ஏறிய படிகளின் வழியேதான் இறங்கும். ஒரே தாவலில் இறங்காது.

கூட்டுறவுப் பயிர்க்கடன் பெற்றோர்க்கு ஒரு சொல். தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் இக்கடனுக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும். ஆதலின், அறுவடைப் பணத்தில் முதற்பங்கு இதற்கே உரியது. இனி, அளவு மீறிய வட்டி கேட்டுத் துன்புறுத்துவோர்க்கு எதிராக 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. அச்சத்தால் வாய்மூடியிருக்க வேண்டா. சங்கத்து நிர்வாகிகளைத் துணைக்கொண்டு முறையிடலாம்.

7. குறைக்கலாகாதவை

ஜெர்மானியப் புள்ளியியலறிஞர் எர்ன்ஸ்டு எங்கெல் 1857ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். வருவாய் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு மிகும். இதனாலேயே ஏழைக் குடும்பத்தில் சிக்கனம் என்றவுடன் கண் உணவின்மேற் படுகிறது. பெரிய தொகை அங்கேதான் தெரிகிறது. ஆனால் அங்கே குறைப்பது எவருடைய இலையில் குறைகிறது? நம் வீடுகளில் கடைசியாக உண்பவர் பெண். அவர் இலையில்தான் முதலிற் குறைகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர். இவர்களே நம் தறிகளில் அமர்கின்றனர். நம் வயல்களில் நாற்று நடுகின்றனர். இவர்தம் உணவைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் நூறு ரூபாய், மருந்துச் செலவாகவும் இழந்த கூலியாகவும் பன்மடங்காகத் திரும்பி வரும்.

எனவே உணவில் அளவைக் குறையாது விலையைக் குறைக்கும் வழி காண வேண்டும். நியாயவிலைக் கடையில் உரிய அரிசி, பருப்பு, எண்ணெயை மாதந்தோறும் தவறாது வாங்குக. புளி, மிளகாய், பருப்பு ஆகியவற்றை விளைச்சல் காலத்தில் மொத்தமாக வாங்கி வெயிலில் உலர்த்தி வைக்க. முருங்கைக்கும் அகத்திக்கும் கொல்லையில் இரண்டு முழம் இடம் போதும். கேழ்வரகுக் கூழும் நிலக்கடலையும் பொட்டலத் தின்பண்டத்தினும் விலை குறைந்தவை. உடலுக்கு உரமும் மிகுந்தவை. முட்டையையும் பாலையும் பிள்ளைகட்குக் குறைக்க வேண்டா.

மேலும் இரண்டு செலவுகளில் கை வைக்கலாகாது. ஒன்று பிள்ளையின் படிப்பு. பள்ளியிலிருந்து நிறுத்திய பிள்ளை மீண்டும் பள்ளிக்குச் செல்வது அரிது. மற்றொன்று தொழிற்கருவி. தேய்ந்த அச்சில் நெய்த துணியில் குறை விழும். கூலியில் பிடித்தம் விழும். முந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்து மூவாயிரத்தை இழப்பது சிக்கனம் ஆகாது.

8. தனித்துச் செய்ய இயலாதவை

இதுவரை கூறியவை ஒரு குடும்பம் தானே செய்யத் தக்கவை. மிகச் சிக்கனமான குடும்பமும் தனித்து நின்று வெல்ல முடியாத காலங்கள் உண்டு. 2020 மார்ச்சு 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கணக்கெழுதிய வீட்டிலும் எழுதாத வீட்டிலும் தறி நின்றது. 2022ஆம் ஆண்டில் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் விலை ஏறி நெசவுத் தொழில் முழுவதும் திணறியது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில், பல்லாண்டு வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் நூற்றுக்கு 66 குடும்பங்கள் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன என்று காட்டியது. அந்த வருவாயில் சிக்கனத்தை மட்டும் உபதேசிப்பது அறமாகாது. கூலி உயர்வும் இடையறாத வேலையும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் வலிமை சங்கத்துக்கே உண்டு.

கூட்டுறவின் தொடக்கமே இத்தகைய நெருக்கடியில்தான். இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் நெசவு ஊரில், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர் சேர்ந்து 28 பவுன் முதல் திரட்டி, 1844 டிசம்பர் 21இல் ஒரு சிறு கடை திறந்தனர். விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்சு மாவு, மெழுகுவத்தி ஆகியவையே. அவர்கள் வகுத்த விதிகளில் இரண்டு நமக்கு உரியவை. பற்றுக்கு விற்பதில்லை என்பது ஒன்று. மிஞ்சிய இலாபத்தை வாங்கியவர்க்கே, வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துத் தருவது மற்றொன்று. பற்றில்லாக் கடை ஏழைக்குக் கொடிது என்று முதலில் தோன்றியிருக்கும். ஆனால் அதுவே அவர்களைக் கடன்காரர் பிடியிலிருந்து விடுவித்தது. நம் சென்னையிலும் 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலை அவ்வழியைப் பின்பற்றியதே.

ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பருப்பையும் எண்ணெயையும் மொத்த விலையில் ரொக்கத்துக்கு வாங்கிப் பிரித்துக்கொள்ள இன்றும் தடையில்லை. வேண்டுவன ஒரு தராசு, ஒரு கணக்கு நோட்டு, நம்பிக்கை ஆகிய மூன்றே. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் கூலியிலிருந்து பிடிக்கும் தொகையோடு அரசின் பங்கையும் சேர்த்து வைக்கும் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அத்தொகையை அவசரமின்றி எடுக்கலாகாது. சீட்டுச் சேர்வோர், 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டறிந்து சேர்க.

9. வீட்டிலே முடிவு

திட்டத்தை ஒருவர் எழுதி மற்றவர் மேல் சுமத்தினால் அது ஒரு மாதமும் நில்லாது. கூலி வாங்கிய நாளின் மாலையில் கணவனும் மனைவியும் பெரியவர்களும் பிள்ளைகளும் உடனிருந்து நோட்டைப் பார்க்க வேண்டும். அடுப்படிச் செலவை மனைவி விளக்குவது போல வெளிச்செலவைக் கணவனும் விளக்க வேண்டும். புகையிலைக்கும் மதுவுக்கும் போனதை மறைத்து எழுதும் சிட்டை சிட்டையாகாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது ஆடவர்க்கும் சேர்த்துச் சொன்ன பழமொழியேயாம்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தின் ஆண்டு வரவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகை யாது? நீங்கள் இப்போது மாதந்தோறும் செலவிடுவது அதற்கு உட்பட்டதா, மிஞ்சியதா?

2. உங்கள் கடன்களுள் எதற்கு ஆண்டு வட்டி மிகுதி? அதனை அடைக்க எத்தனை சேலை நெய்ய வேண்டும், அல்லது எத்தனை மூட்டை நெல் விற்க வேண்டும்?

3. சென்ற ஆண்டில் எந்த மாதத்தில் முதன்முதலிற் பற்றுக்கு வாங்க நேர்ந்தது? அம்மாதத்துக்கென முன்னரே எவ்வளவு எடுத்துவைத்திருந்தால் அது நேர்ந்திராது?

4. உங்கள் தெருவில் சேர்ந்து வாங்கத் தக்க மூன்று பண்டங்கள் யாவை? பத்துக் குடும்பங்களின் ஒரு மாதத் தேவையையும் சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் உள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொண்டு வருக.

உறுப்பினர்கள் இம்மாதம் முதல் நாளிலேயே சிட்டையைத் தொடங்கி, முப்பதாம் நாளில் விடைகளோடு சங்கக் கூட்டத்துக்கு வருமாறு வேண்டுகிறோம். பெயர் குறியாமல் தொகைகளை மட்டும் எடுத்துரைத்தால் போதும். வட்டிக்குப் போகும் தொகையை எல்லாரும் கூட்டிப் பார்ப்போம். அதில் ஒரு பாதியைத் தடுத்து நிறுத்தினாலும், நமக்குள்ளேயே ஓர் அவசரக் கடன் நிதி தொடங்குவதற்குரிய முதல் அதில் இருக்கும்.